நிஸ்வா ஆட்டுச் சந்தையில் ஒரு சுற்று

ஓமானில் நிஸ்வா கோட்டைச் சுவரை ஒட்டி வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. விற்பவர்கள் ஆடுகளோடு வட்டமாகச் சுற்றி வருகிறார்கள். வாங்குபவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் நின்ற என் மகளைக் காணவில்லை. பெயர் சொல்லிக் கையை உயர்த்துகிறேன். உடனே ஒருவர் என் முன் நின்று தன் ஆட்டின் பல்லைக் காட்டுகிறார்.

“கையக் கீழ போடுங்கக்கா, நீங்க வாங்கப் போறீகன்னு நெனைக்கிறாரு,” என்கிறார் தீவனக் கட்டு சுமந்துவரும் பரமக்குடிக்காரர்.

“எம் பொண்ணக் காணோம் தம்பி.”

“மஞ்சச் சட்டையா? அந்தா, யாவாரத்துக்கு வருது பாருங்க.”

மகள் ஒரு குட்டியை அணைத்தபடி ஆட்டு வரிசையில் வருகிறாள். குட்டிக்குச் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே பின்னால் நடக்கிறார்.

“அம்மா, ஒன் மோர் ரவுண்ட், ப்ளீஸ்.”

அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நானும் சுற்றுகிறேன். உட்கார்ந்திருப்பவர்கள் குட்டியையும் சேர்த்து எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.