அம்மாவின் ஆறு கட்டை

2025 ஜூன் 9, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்புறம் ஒரு மாடியில் இருக்கும் சிறிய ஒலிப்பதிவு அறையில், எங்கள் குடும்பத்தின் சொந்தப் பாட்டுத் தொகுப்புக்காக அக்கா முதல் பாடலைப் பாடத் தொடங்கினாள். சரணத்தின் உச்சியில் அவள் குரல் உடைந்தது.

ஒலிப்பதிவாளர் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிவாங்கியில் சொன்னார்: "ஒண்ணும் இல்ல, தண்ணி குடிச்சுட்டு வாங்க. மச்சான், சுருதிய கொஞ்சம் எறக்கிக்கலாமா?"

"அந்தச் சுருதியிலதான் மச்சான் பாட்டே இருக்குது. எறக்குனா டல் அடிச்சுடும்" என்றான் அண்ணன்.

அவர் அக்காவைப் பார்த்தார். "வேணாம், பாடிடுவேன்" என்றாள் அக்கா. அன்று மாலை வரை முயன்றும் அவளால் அந்த இடத்தைப் பாட முடியவில்லை.

எங்களுடையது ஒரு வீட்டு மெல்லிசைக் குழு. அப்பா டிரம்ஸ், அண்ணன் கீபோர்டு, அம்மாவும் அக்காவும் பாட்டு. கடலூரிலிருந்து பெண்ணாடம் வரை கல்யாண வரவேற்புகளிலும் காதுகுத்துகளிலும் மாதா கோயில் தேர்த் திருவிழாக்களிலும் பிறர் பாட்டுகளைப் பாடியே நாங்கள் வளர்ந்தோம். நாங்கள் என்று என்னையும் சேர்த்துக்கொள்வது முழுக்கச் சரியல்ல. எனக்குப் பாட வராது. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். இப்போது சிதம்பரத்தில் விடுதியில் தங்கித் தமிழ் இலக்கியம் படிக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று. அதன் பிறகு அம்மாவின் பேச்சு பாதி காற்றாகவே வருகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நிகழ்ச்சிகளுக்கு அக்கா மட்டும் பாடினாள். அண்ணனுக்கு அந்த நிகழ்ச்சிகளே வெறுத்துப்போயின. சொந்தமாக மெட்டுப் போடுவேன் என்று கிளம்பி, ஓராண்டு முழுவதும் போட்டான், அழித்தான், மறுபடியும் போட்டான். தப்பிப் பிழைத்தவை ஆறு.

எனக்கு வார்த்தை எழுதும் வேலை. அண்ணன் 'தன்னன்னா' என்று முனகி வாட்ஸ்அப்பில் அனுப்புவான். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அசைகளை விரலில் எண்ணி நிரப்புவேன். ஆகவே அக்காவின் குரல் உடைந்தபோது குற்றம் என் வார்த்தைகளிடம் வந்தது.

"உன் லைன்ல மூச்சு விட எடமே இல்ல. பரீட்சைக்கு எழுதுற மாரி எழுதி வெச்சிருக்கே" என்றான் அண்ணன்.

அது நியாயம் என்றே நம்பினேன். உச்சத்தில் வந்த வல்லின எழுத்துகளை நீக்கினேன். நெடில் வைத்தேன். ஒரு சரணத்தை மூன்று விதமாக மாற்றினேன். மூன்றிலும் அதே இடத்தில் அவள் குரல் உடைந்தது. நடராசர் கோயில் ஆனித் திருமஞ்சனம் வந்து வீதிகளில் ஒலிபெருக்கிகள் கட்டியபோது பதிவு நின்றது. எல்லோருக்கும் அது ஒரு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் அண்ணன் புதுச்சேரியில் ஒரு பாடகியிடம் பேசியிருப்பதாகச் சொன்னான். வார இறுதிக்கு நானும் வீட்டுக்குப் போயிருந்தேன், சாப்பாட்டு நேரம். அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவுங்களே பாடட்டும். நான் அடுத்த மாசத்துல இருந்து ஸ்டேஜுக்கும் வரல."

"நீ ஏன் வரமாட்டே?" என்றார் அப்பா.

"குரல் இல்லாதவ எதுக்கு வரணும்?"

சொன்ன பிறகுதான் அம்மா எதிரில் இருப்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மா ரசத்தை நகர்த்தி வைத்தாள். அக்கா சொன்னால் செய்பவள். தொகுப்பு வேறொருவர் குரலில் வெளிவந்தால் இவள் இனிமேல் குளியலறையில்கூடப் பாடமாட்டாள் என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு குரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அப்பா கூடத்தில் குச்சியால் வாசிக்கும் ரிதம் பேடை எடுத்து வைத்தார். "வெளி ஆளு வர்றதுக்கு முன்னாடி ஒரு தபா நம்மளே வாசிச்சுப் பாத்துடலாம்" என்றார். அக்கா மறுக்கவில்லை. அம்மா பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் ஆறாவது பாட்டின் முன்னிசையை வாசித்தான். ஆறில் அதுதான் சிறந்தது. அதைப் பற்றி வீட்டில் இரண்டு கருத்து இல்லை. முன்னிசை முடியும் தறுவாயில் நான் தற்செயலாகத் திரும்பினேன். அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். பாட்டு நுழைய வேண்டிய இடத்துக்கு ஒரு நொடி முன்பு அவள் தோள் உயர்ந்தது, நெஞ்சு நிறைய மூச்செடுத்தாள், வாய் திறந்தது. அந்தப் பாட்டை அவள் அதுவரை முழுதாகக் கேட்டதே இல்லை. அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் பாடவில்லை. கீபோர்டு மட்டும் சற்றுத் தூரம் தனியாகப் போய் நின்றது.

"இன்னா ஆச்சு?" என்றான் அண்ணன்.

அம்மா சொன்னாள்: "இது என் கட்டைடா."

கட்டை என்பது ஒருவர் பாடுவதற்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும் சுருதியின் உயரம். அம்மாவுடையது ஆறு கட்டை. அக்காவுடையது நாலரை. மேடையில் எழுதி வைத்து வாசிக்கும் பழக்கம் எங்கள் குழுவில் இல்லை. பாட வருகிறவரைப் பார்த்ததும் அண்ணன் கை அவருடைய கட்டைக்குப் போய்விடும். பதினான்கு வயதிலிருந்து அம்மாவுக்காக அங்கே போன கை, மெட்டுப் போட உட்கார்ந்தபோதும் அங்கேயே போயிருக்கிறது. ஆறு பாட்டும் அம்மா பாடுவதற்கான பாட்டுகள். பிரகாசமான சுருதி என்று அவன் அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

"அதெல்லாம் இல்லம்மா. இந்தச் சுருதி நல்லா இருக்குதுன்னு..." என்றான் அண்ணன்.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள் அக்கா.

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி?" அம்மாவின் கோபமும் காற்றாகவே வந்தது.

"எப்படிம்மா சொல்றது? எறக்குடான்னு சொன்னா, நீ இனிமே பாடப்போறதில்லன்னு நானே சொல்ற மாரி இல்ல?"

அப்பா கையிலிருந்த குச்சிகளைத் தரையில் வைத்தார். நான் திருத்தித் திருத்தி எழுதிய சரணங்களை நினைத்துக்கொண்டேன். அந்த வார்த்தைகளில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

"ஒண்ற கட்டை எறக்கு" என்றாள் அம்மா.

"எறக்குனா பாட்டு செத்துடும்மா."

"நான் இன்னா செத்தா போயிட்டேன்? தள்ளு."

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. மீன் வாசனையோடு வந்து அம்மா அதை மூன்று முறை அழுத்தினாள். பொத்தானில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. அண்ணன் அதைத் துடைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசித்தான். அக்கா பாடினாள், அழுதுகொண்டே பாடினாள். உடையவில்லை.

ஆவணியில் பதிவு முடிந்தது. ஐந்து பாடல்கள் இறங்கிய சுருதியில் அக்காவுக்கு இயல்பாகப் பொருந்தின. இரண்டு முன்னைவிட நன்றாகவே வந்தன. ஆனால் ஆறாவது பாட்டைப் பற்றி அண்ணன் சொன்னதும் பொய்யில்லை. நாலரைக் கட்டையில் அது சோர்ந்துபோன வேறு ஏதோ பாட்டாக இருந்தது. சுருதியை இறக்கலாமா என்று முதலில் கேட்ட ஒலிப்பதிவாளரே அதை ஒப்புக்கொண்டார். கடைசியில் அதைப் பழைய சுருதியிலேயே, குரலே இல்லாமல், கீபோர்டில் மட்டும் பதிவு செய்தார்கள்.

"உன் வார்த்தை வீணாப்போச்சு, கோச்சுக்காதே" என்றான் அண்ணன். அதற்கு முன் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

வேலை முடிந்து வந்த ஆறு பாடல்களையும் ஒரு சனிக்கிழமை மாலை கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். அக்கா பாடியவற்றுக்கு அம்மா தலையசைத்தாள். ஓரிடத்தில் "தே பாரு, இந்த எடத்த நல்லா புடிச்சிருக்கா" என்றாள். அக்கா அடுத்த வாரம் நெல்லிக்குப்பத்தில் நடக்கவிருந்த வரவேற்புக்கு எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாவது பாட்டு வந்தது. முன்னிசை முடிந்து குரல் நுழைய வேண்டிய இடம் வெறுமையாகக் கடந்தது. அம்மாவின் தோள் உயர்ந்தது. பாட்டு முடியும் வரை நாங்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

படுக்கப் போகுமுன் அம்மா என்னிடம் கேட்டாள்: "அதுக்கு எழுதுனியே பாப்பா, அது எங்க?"

"இருக்குதும்மா."

மறுநாள் காலை பூசைக்குப் போகுமுன், அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஆறாவது பாட்டின் வார்த்தைகளை வாசித்துக் காட்டினேன். வகுப்பில் வாசிப்பது போலத்தான் எனக்கு வாசிக்க வரும். அவள் உதடுகள் ஓசையில்லாமல் என்னோடு அசைந்தன. இரண்டாவது சரணத்தில் கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டாள்.

"அங்க மூச்சு விடு."

நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த வரியை வாசித்தேன்.