இடுப்புத் துண்டு

போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக் கிளம்பும் ஜீப்பில் எனக்கு ஓர் இடம் உண்டு: பின்பக்கம், ஓரமாக. நாலு நாள் போகாவிட்டால் அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். பிறகு கேட்டுப் பயனில்லை, இடம் போனால் வேலையும் போனதுதான். அதனால்தான் போன மழைக்காலத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏலக்காய் என்பது செடியின் அடியில், தரையோடு காய்ப்பது. பகல் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். வலிக்கு எங்களிடம் ஒரே வைத்தியம், இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டுவது. கட்டினேன். வலித்தது, இன்னும் இறுக்கினேன். ஒரு நாள் மூட்டையோடு சரிவில் நிற்கும்போது வலது கால் மரத்துப்போனது. கால் தரையில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தே தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு பயம் பிரசவத்தில்கூட நான் பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போடியில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனேன்.

"மொதல்ல துண்டை அவுருங்கக்கா."

"அவுத்தா விழுந்துருவேன் தாயி."

"வயிறு பாக்க வேண்டிய சோலியைத் துண்டு பாக்குது. அப்புறம் வயிறு சும்மாதான இருக்கும்?"

மல்லாக்கப் படுக்கவைத்தாள். யாரோ குத்த வருவதுபோல் வயிற்றைக் கெட்டியாக்கி, மூச்சை அடக்காமல், ஒரு காலை மெல்ல நீட்டச் சொன்னாள். பாதி நீட்டுவதற்குள் வயிறு வெடவெடவென்று ஆடியது. இத்தனை வருஷம் மலையேறிய உடம்பின் லட்சணம் அது! பிறகு குனியச் சொல்லிக்கொடுத்தாள்: முதுகை வளைக்காமல், பின்புறத்தைப் பின்னால் தள்ளி, தொடை இடுப்போடு சேரும் இடத்தில் மடங்க வேண்டும். பிழைப்பே குனிவதுதான், அதுவே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் செய்தேன். படுக்கும்போதெல்லாம் இனி எழ முடியாதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மலைக்கு மட்டும் துண்டோடுதான் போனேன். நாளைக்கு விட்டுவிடலாம் என்று ஆறு வாரம் ஓட்டினேன்.

கடைசியில் மழைதான் விடவைத்தது. ஒரு நாள் துண்டு காயவே இல்லை. துண்டு கட்டாத இடுப்போடு போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஜீப்பு குலுங்கியபோது கம்பியை விடாமல் பிடித்திருந்தேன். தோட்டத்தில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

மத்தியானம், எனக்கு முன்னால் மூட்டையோடு இறங்கிய, என்னோடு அதே ஜீப்பில் வேலைக்கு வரும் என் சித்தி மகள் சரிவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே பள்ளம். யோசிக்க நேரமில்லை. காலை அகட்டினேன், வயிற்றைக் கெட்டியாக்கினேன், மடங்கி அவளை அணைத்துத் தூக்கினேன். முதுகு முறியப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். முறியவில்லை. அவள் எழுந்து என்மேல் சாய்ந்தாள்.

"வழுக்கிருச்சாடி?"

"இல்லக்கா. காலு மரத்துப்போச்சு. ரெண்டு மாசமாவே இப்படித்தான்."

அவள் இடுப்பில் இருந்த என் கைக்குச் சட்டைக்குள் ஏதோ தட்டுப்பட்டது. துண்டு. என்னுடையதைவிட இறுக்கமாக.

"யாருகிட்டயும் சொல்லிறாதக்கா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜீப்புல எடம் போயிரும்."