எந்த அம்மா?

கென்யாவில் கிசுமு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் அலுவோச்சுக்கு வேர்க்க ஆரம்பித்தால் மாஜிஸ்டிரேட்டே ஃபேனை அவள் பக்கம் திருப்பச் சொல்லுவார். மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகிறது. உள்ளுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் திடீர் திடீரென்று ஒரு சூடு, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். லுவோ மொழியில் சாட்சி சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல வாய் திறந்தால் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்? "லீவு போட்டு ஓய்வெடுங்களேன்" என்று தலைமை எழுத்தர் இதமாகச் சொல்லிப் பார்த்தார். அந்த இதம்தான் அவளைப் பயமுறுத்தியது.

டாக்டர் கதோனி நைரோபியிலிருந்து வந்தவர், சின்ன வயது. ஹார்மோன் சிகிச்சை கொடுக்கலாம் என்றவர், அதற்கு முன்னால் கேள்விகளை அடுக்கினார்.

"வீட்ல யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்துச்சா?"

"எங்கம்மாவுக்கு. அதுலதான் போனாங்க."

டாக்டரின் பேனா நின்றது. "அம்மாவுக்கா? அப்ப யோசிக்கணும். குடுக்கவே கூடாதுன்னு இல்ல, ஆனா உங்களுக்கு ஆபத்து கூடுதல். மொதல்ல வேற மாத்திர பாப்போம்."

அந்த வேற மாத்திரை வயிற்றைக் குமட்டியதோடு சரி. மறுபடி போய்க் கேட்க அலுவோச்சுக்குத் துணிச்சல் வரவில்லை. அம்மா டோர்காஸ் கடைசியில் கட்டிலில் சுருண்டு கிடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். தூக்கத்துக்கு ஆசைப்பட்டு அந்தச் சாவை வரவழைத்துக்கொள்வதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பிறகு ஒரு நிலத்தகராறு வந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற பெரியவர், "அந்தக் காட்ட எங்கம்மாதான் உழுதாங்க" என்றார். அலுவோச் வழக்கம்போல் மாஜிஸ்டிரேட்டிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"எந்த அம்மா? பெத்தவங்களா, அப்பாவோட வேற சம்சாரமா?"

"மூத்தவங்க. என்னப் பெத்தவங்க ரெண்டாவது."

லுவோக்களிடம் அப்பாவுக்கு எத்தனை மனைவியோ, பிள்ளைக்கு அத்தனை அம்மா. அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் வழக்கு குட்டிச்சுவராகிவிடும். அதனால் இந்தக் கேள்வியை ஊரில் ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறாள், தன்னைத் தவிர. டோர்காஸ் அவள் அப்பாவின் மூத்த மனைவி. அலுவோச்சைப் பெற்ற மில்கா ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு வார்த்தை நின்றுபோனது சூட்டினால் இல்லை.

"புற்றுநோய்ல போன அம்மா என்னப் பெத்தவங்க இல்ல" என்று டாக்டரிடம் சொல்வதற்குள் நாக்கு கூசியது. தாய்ப்பால் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊட்டி வளர்த்தவள் டோர்காஸ்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"எந்த அம்மான்னு நீங்க கேக்கலையே."

டாக்டர் சிரித்துவிட்டார். ரத்த அழுத்தம் பார்த்து, மார்பைப் படம் எடுக்கச் சொல்லி, எல்லாம் சரியென்று வந்தபிறகு உட்கார வைத்துப் பேசினார். "ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். கர்ப்பப்பை இருக்கறதால ரெண்டு ஹார்மோனும் சேத்துத்தான் தரணும். வருஷக்கணக்கா எடுத்தா மார்புப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் ஏறும்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஆயிரம் பேர்ல கைவிரல் விட்டு எண்ணற அளவு. தோல்ல ஒட்டற பட்டையா போட்டா ரத்தம் கட்டற பயம் கொறைவு. தூக்கம் வரும், எலும்பும் தேயாது. உங்களுக்கு நன்மைதான் கூடன்னு எனக்குப் படுது. வருஷா வருஷம் பாத்துக்கலாம். முடிவு உங்களோடது."

"ஒட்டுங்க" என்றாள் அலுவோச்.

சில வாரங்களில் வேர்வை அடங்கியது. ஒரு நாள் காலையில் விழித்தபோது தலையணை உலர்ந்திருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கோர்ட்டிலும் வார்த்தைகள் கூப்பிட்ட குரலுக்கு வந்தன. சந்தோஷம் தாங்காமல் ஊருக்குப் போன் போட்டு, மில்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மில்கா கடைசிவரை கேட்டுக்கொண்டாள். "சரிதான். இத்தன வருஷமா அவதான் ஒங்கம்மான்னு சொல்லிட்டுத் திரிஞ்ச. இப்ப மருந்து வேணும்னதும் நான் ஞாபகத்துக்கு வந்துட்டனாக்கும்."

"அம்மா, அப்படியில்ல..."

"ஞாயித்துக்கெழம வா. கோழி அடிச்சு வெக்கறேன். அவ கல்லறைக்கும் போயி, மருந்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன்னு சொல்லிட்டு வந்துரு. இல்லேன்னா எம்புள்ளயப் பிடுங்கிட்டியான்னு அவ என்னத்தான் ஏசுவா."