விதைக்கு மேல் ஒரு கட்டைவிரல்

கிளி அண்ணனைத் தெரியாதவர் அந்த ஆய்வுக்கூடத்தில் இல்லை. எக்ஸ்ரே கதிரின் முன்னால் வைக்கும் மாதிரிகளை முடியைவிட மெல்லிசாகச் சீவி, பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டித் தருவது அவர் வேலை. அடுத்தவர் குரலில் பேசுவது அவர் வியாதி. அதிலும் பேராசிரியரின் மூக்குக் குரல் என்றால் தனி குஷி.

"ஏம்மா, கையுறை இல்லாம தொட்டா உன் பூட்டன் அழுக்கைக்கூட மெஷின் காட்டிக் குடுத்துரும்!" என்பார். ஆராய்ச்சி மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அன்று எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்த அவளுக்கு நேரம் கிடைத்திருந்தது. ஒரு வருடம் காத்திருந்து வாங்கிய முறை. விதைக்குள் துத்தநாகம் எங்கே பதுங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஊசிமுனைக் கதிர் விதைச் சீவலைப் புள்ளி புள்ளியாகத் தடவத் தடவ, திரையில் வரி வரியாகப் படம் ஏறியது. இரும்புக்குச் சிவப்பு, துத்தநாகத்துக்குப் பச்சை.

பச்சை விதையைத் தாண்டியும் ஏறியது, வளைவு வளைவாக.

"என்னம்மா, ஏர் ஓட்டின மாதிரி இருக்கு?" என்று குனிந்த பேராசிரியரின் முகம் சுருங்கியது. "இது கைரேகை. யார் தொட்டது?"

"நான்தான் சார் கொண்டுவந்து மாட்டினேன். கையுறை போட்டிருந்தேன்னுதான் நினைக்கிறேன்..."

"நினைக்கிறியா? இனிமே உனக்கு முறை கேட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

பின்னால் நின்ற கிளி அண்ணனுக்குக் காது சுட்டது. காலையில் சீவல் சுருண்டு சுருண்டு கையுறையில் ஒட்டி உயிரை வாங்கியது. ஒரு நொடிதானே என்று கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் வெடிப்புக்குத் தடவியிருந்த துத்தநாகக் களிம்பு அப்போது நினைவுக்கே வரவில்லை.

"நான்தான் சார் தொட்டேன்."

பயத்தில் வார்த்தை மூக்கால் வந்தது. அச்சு அசல் பேராசிரியர். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அண்ணே, விளையாடுற நேரமா இது?" மாணவிக்கு அழுகை முட்டியது.

அவர் முன்னால் வந்து விரலை நீட்டினார். வெடிப்புகளில் களிம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. "வெறுங்கையால அமுக்கினேங்க. தங்கச்சி மேல தப்பில்ல."

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் திரையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விதை மிச்சம் இருக்கா தங்கச்சி? இப்பவே கையைக் கழுவிட்டு வந்து சீவித் தரேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கு அண்ணே." கையுறைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "நானே சீவிக்கிறேன்."