அம்மா வீசிய ஆறு குண்டுகள்

எனக்குப் பத்து வயது நடக்கும்போது என் அம்மா எங்கள் வீட்டுச் சமையலறையில் குண்டு செய்தார். மொத்தம் ஆறு. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். அம்மாவை நேரில் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்கள். ஒல்லியான உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானின் கடைத்தெருவில் சாலையைக் கடக்கும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். பயம் எனக்குத்தான் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அம்மா ஆஸ்பத்திரிகளுக்கு ரப்பர் குழாய் செய்து அனுப்பும் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். கட்டைவிரல் தடிமனில் குழாய். ஒரு முனை அடைத்திருக்கும், மறு முனையில் சின்ன பிளாஸ்டிக் மூடி. குழாயைப் பார்த்து, மூடியைப் பார்த்து, பையில் போட்டு ஒட்டுவது அவர் வேலை. ஒன்பது வருடமாக அதே மேசை, அதே நாற்காலி.

ஒவ்வொரு வருடமும் ஃபேக்டரி குடும்ப தினம் நடத்தும். சாக்கு ஓட்டம், அதிர்ஷ்டக் குலுக்கல், கோழிச் சோறு, அவ்வளவுதான். அந்த வருடம் புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தார். சீனர், நாற்பது வயதுக்குள் இருக்கும். அவர்தான் பெயின்ட்பால் விளையாட்டு வைக்கலாம் என்றார். அப்போது அது எங்கள் பக்கத்தில் புதுசு. துப்பாக்கியால் சாய உருண்டையைச் சுடுவார்கள். மேலே பட்டு உடைந்தால் ஆள் அவுட். ஆபீஸ் பக்கம் பத்துப் பேர், புரொடக்ஷன் பக்கம் பத்துப் பேர் என்று நோட்டீஸ் போட்டார்கள்.

அம்மா சோற்றை வடித்துக்கொண்டே சொன்னார்: "நானும் பேரு குடுத்துட்டேன்."

அப்பா சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "உனக்குத் துப்பாக்கி தூக்கத் தெரியுமா?"

"துப்பாக்கி வேணாம். முகமூடி மாட்டுனா கண்ணாடியில ஆவி புடிச்சிக்கும், குறி பாக்க முடியாது. நான் எறியப் போறேன். பெயின்ட் குண்டு எறியலாம்னு ரூல்ஸ்ல இருக்கு."

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கைப்பையிலிருந்து ஆறு குழாய்களை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்பா அவற்றைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். இருவரும் பின்கட்டுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார்கள். "நல்லா யோசிச்சுச் செய்" என்று அப்பா சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. சாயம் துணியில் கறை பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் விற்கிற குண்டு ஒரு தரம் வெடித்தால் முடிந்தது, குப்பைதான் என்று அம்மா சொன்னார். தன்னுடையது திரும்பத் திரும்ப வெடிக்க வேண்டும். மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, பலகாரத்துக்குப் போடும் நீலக் கலரைக் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டார். சோப்பு விட்டால் துவைத்ததும் போய்விடுமாம். முதலில் கெச்சப் பாட்டிலால் பீய்ச்சிக் குழாயை நிரப்பிப் பார்த்தார். குழாய் உப்பவேயில்லை. தரையில் போட்டால் எச்சில் வடிவதுபோல் இரண்டு துளி வந்தது. அடுத்து சைக்கிள் பம்ப். அது சமையலறைக் கூரையை நீலமாக்கியது. மூன்றாம் நாள் அப்பா லோரிக்குக் கிரீஸ் அடிக்கும் கைப்பம்பை மண்ணெண்ணெயில் கழுவிக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். அதில் கஞ்சியை நிரப்பி அழுத்தியதும் குழாய் கத்தரிக்காய்போல் உப்பியது. அம்மா மூடியை அமுக்கி, அது தொலைந்துபோகாமலிருக்க ஒரு சாண் நூலால் குழாயோடு சேர்த்துக் கட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் சந்து இருந்தது. அம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு அதை வீசினார்.

விழுந்த அதிர்ச்சியில் மூடி தெறித்தது. அவ்வளவுதான், குழாய்க்கு உயிர் வந்துவிட்டது. துள்ளியது, சுழன்றது, தன்னைத் தானே துரத்திக்கொண்டு தரையெல்லாம் ஓடியது. எட்டுத் திசையிலும் நீலம் பீய்ச்சியது. சுவரில் என் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு பெரிய வளையம் விழுந்தது. மூன்று விநாடியோ நான்கு விநாடியோ. பிறகு துவண்டு படுத்துவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் நீலப் பொட்டு. முகத்தில் ஒரு சலனமுமில்லை. குனிந்து குழாயை எடுத்து, கழுவி, மறுபடியும் நிரப்பினார்.

ஐந்தாம் தடவையில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியின் கொடியில் காய்ந்த பனியன்கள் நீலமாகிவிட்டன. அவர் வெளியே வந்து சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அபா இனி? பெராங்கா?" என்று மலாயில் கேட்டார். என்ன இது, யுத்தமா என்று. அம்மா பனியன்களை வாங்கி அங்கேயே அலசிக் காட்டினார். கறை போய்விட்டது. ஆன்டிக்கு மனசு ஆறவில்லை. தானும் ஒன்று எறிய வேண்டும் என்றார். எறிந்துவிட்டு அவர் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

அன்றிலிருந்து எனக்கு அம்மா வேறு ஆளாகத் தெரிய ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் போலீஸ் வரும் என்று பயம்.

விளையாட்டு, சுபாங் ஜெயாவைத் தாண்டி வீடு கட்டுவதற்காக மட்டப்படுத்தியிருந்த ஒரு காலி நிலத்தில் நடந்தது. பழைய டயர்களை அடுக்கி, எண்ணெய் டிரம்களை உருட்டிவிட்டு, பலகைத் தடுப்புகளை நட்டு வைத்திருந்தார்கள். குடும்பத்தார் எல்லாரும் வலைக்கு இந்தப் பக்கம். முந்தின நாள் மழை, தரையெல்லாம் சேறு. அம்மா அப்பாவின் பழைய கால்சட்டையைப் போட்டு, கயிற்றால் இடுப்பைக் கட்டி, கஞ்சி நிரப்பிய கிரீஸ் பம்பை முதுகில் துண்டால் கட்டியிருந்தார். ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். புரொடக்ஷன் அணிக்குக் கேப்டன் அம்மாவின் சூப்பர்வைசர் அங்கிள். "நீங்க பின்னாடி டயர் பக்கத்துல உக்காந்துக்குங்க லா, போதும்" என்று அவர் சொன்னார். ரெஃபரி குண்டு ஒன்றை அமுக்கிப் பார்த்து, சாயம் கழுவினால் போகுமா என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

விசில் அடித்தது. பத்தே நிமிடத்தில் நம் பக்கத்து ஆட்கள் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அங்கிள் நெஞ்சில் மஞ்சள் வழிய வந்து வலையோரம் நின்றார். ஆபீஸ் பக்கமும் ஆட்கள் குறைந்தார்கள். அவர்களில் நான்கு பேரை அம்மாதான் வெளியேற்றினார். டயர் அடுக்குக்குப் பின்னால் பதுங்கியிருந்த இரண்டு பேர்மேல் ஒரே குண்டு விழுந்து சுழன்றதில் இருவரும் நீலமாக எழுந்து நின்றார்கள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

கடைசியில் எதிரில் மூன்று பேர் டிரம்களுக்குப் பின்னால் இருந்தார்கள். அதில் ஒருவர் மேனேஜர். நம் பக்கம் அம்மா மட்டும். ஆறு குண்டையும் எறிந்தாகிவிட்டது. அதை எதிராளிகளும் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "முடிஞ்சிருச்சு! காலி!" என்று ஒருவர் கத்திக்கொண்டு எழுந்து முன்னால் வந்தார்.

அம்மா சேற்றில் குப்புறப் படுத்து ஊர்ந்தார். சேறு ஒட்டும் என்று எங்களை வாசல்படியில்கூட உட்காரவிடாத அம்மா. பலகைக்குப் பக்கத்தில் துவண்டு கிடந்த குழாயை எட்டி எடுத்தார். மல்லாந்து படுத்து, பம்பை வயிற்றில் வைத்து, நான்கு அழுத்து அழுத்தி, மூடியைப் பல்லால் கடித்து அமுக்கினார். எழுந்து வந்தவருக்கு என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது. அவர் காலடியில் குழாய் துள்ளியது. இடுப்புவரை நீலம். அம்மா அடுத்த குழாயை எடுத்தார். இரண்டாவது ஆளும் போனார்.

மிஞ்சியது மேனேஜர். நான் வலையில் விரல்களை மாட்டிக்கொண்டு கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. அம்மா அவசரப்படவில்லை. மூன்றாவது குழாயை வெடித்துவிடும் அளவுக்கு நிரப்பினார். டிரம்மின் மேல் விளிம்பைத் தாண்டி, ஒரு சட்டியை அடுப்பில் வைக்கும் நிதானத்தோடு அதை அந்தப் பக்கம் போட்டார். டிரம்மைச் சுற்றி நீல நீர் எழும்பி வெயிலில் குடைபோல் விரிந்து நின்றதை இன்றுவரை நான் மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த எந்த வாணவேடிக்கையும் அதற்கு ஈடில்லை.

புரொடக்ஷன் ஆட்கள் எல்லாரும் வலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். "நம்ம ஆளு! நம்ம டிபார்ட்மென்ட்!" என்று சூப்பர்வைசர் அங்கிள் முன்னால் ஓடினார். நான் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். மேனேஜர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தபடி வந்தார். கழுத்து, காது எல்லாம் நீலம். குழாயைக் கையில் எடுத்து, நல்ல ஐடியா, நம் ஃபேக்டரி ரிஜெக்ட் சாமானா என்று மலாயில் கேட்டார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மலாயில்தான் பதில் சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"ரிஜெக்ட் இல்ல, சார். பாஸான சரக்கு. ஏத்துமதிப் பெட்டியிலேர்ந்து நானே எடுத்தேன். கீழ விழுந்தா மூடி கழண்டுக்குது. ஆறு மாசமா சொல்றேன். ஆறும் கழண்டுருச்சு, நீங்களே பாத்தீங்க."

மேனேஜர் மூடியை மாட்டினார், டிரம்மில் லேசாகத் தட்டினார், மூடி தெறித்தது. மறுபடியும் மாட்டினார், தட்டினார். அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் சொன்னீர்கள் என்று மேனேஜர் கேட்டார். அம்மா யாரையும் கைகாட்டவில்லை. "ரிப்போர்ட் புக்குல எழுதியிருக்கேன்" என்றார்.

பரிசுக் கோப்பையை யாரோ அவசரமாக அங்கிளிடம் கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கொடுக்காதது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினேன். அம்மா பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "விடுமா" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா அப்படி வெளியிடத்தில் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஃபேக்டரி சரக்கைக் கேட்காமல் வெளியே கொண்டுபோனால் அன்றைக்கே வேலை போய்விடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அந்தக் குழாய்கள் ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியின் உடம்போடு மாட்டப்படும், மூடி கழன்றால் என்ன ஆகும் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இதெல்லாம் நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, அப்பா ஒரு நாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா ஏழு பேரை வீழ்த்தினார் என்பதுதான்.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருக்கச் சொன்னார்களாம். செவ்வாயும் இருந்தார், புதனும் இருந்தார். ஜெயித்ததற்குப் பரிசாக மூன்று நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். பள்ளி விட்டு வந்தால் அம்மா கதவைத் திறப்பது எனக்கு அதிசயமாக இருந்தது. வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் அவர் தேய்த்து வைத்திருந்தார். சுவர் நீலத்தைக்கூடக் கழுவிவிட்டார். சோறு மட்டும் அவர் தட்டில் அப்படியே இருக்கும். லீவில் இருப்பவர்களுக்குப் பசிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

புதன் சாயங்காலம் தெருமுனைக் கடைக்கு ஃபேக்டரியிலிருந்து யாரோ ஃபோன் செய்து, காலையில் ரெடியாக இருக்கச் சொன்னதாகக் கடைக்காரர் வந்து சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லையாம்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் அம்மா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றார். நான் பல் விளக்கிக்கொண்டே பார்த்தேன். ஃபேக்டரி பஸ் தெருவில் திரும்பியது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், பத்தடி தள்ளி நின்றது. அதன் கதவு திறந்தது. உள்ளேயிருந்து பேக்கிங் அக்காமார் கைகளை நீட்டி, சத்தம் போட்டு அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தும் எடுக்காமல் ஓடினார். லேட்டாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அந்தச் செருப்பை எடுத்து வந்து வாசலில் வைத்தேன்.