வெயிலில் கறுத்த முகம்

நோர்வேயின் வடகோடியில், நான் மீன் வெட்டும் இந்தச் சிற்றூரில், மார்கழியில் நண்பகலிலும் சூரியன் தலை காட்டாது. முற்பகல் இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குள் போய், விளக்கை அணைத்துவிட்டுத்தான் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுப்பேன். ஒருநாள், என்னோடு வேலை செய்யும் உலாவ் வந்து விளக்கைப் போட்டான். "அணைத்துவிடு, இருட்டில்தான் அம்மா நன்றாகத் தெரிவார்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில். அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "எப்போது காலமானார்?" என்று கேட்டான். அன்று வயிறு நோகச் சிரித்தேன்.

அம்மா வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த நாலாம் மாடி ஃபிளாட்டில் தனியாக இருந்தார். பல்கனியில்தான் சிக்னல் கிடைக்கும் என்று பின்னேர வெயிலுக்கு முகம் கொடுத்துக் கதிரை போட்டு உட்காருவார். என் இருட்டறையில் அவர் முகம் புளி போட்டு மினுக்கிய செம்புபோல இருக்கும். அவரோ எடுத்த எடுப்பிலேயே தொடங்குவார்.

"என்னடா, நல்லாக் கறுத்துப் போனாய். கன்னமும் ஒட்டிப்போச்சு. சாப்பிடுறேல்லையோ?"

"வெயிலே இல்லாத ஊரில எப்பிடியம்மா கறுக்கிறது? நீங்கள்தான் பளபளவெண்டு இருக்கிறியள்."

"எனக்கென்ன குறை. நீ எப்ப வாறாய்?"

தாய்க்குப் பிள்ளை எந்நாளும் மெலிவுதான் என்று என் கொழுத்த கன்னத்தைத் தடவிக்கொள்வேன்.

பிறகு ஒருநாள் அம்மாவின் பக்கத்து ஃபிளாட் பாத்திமா ராத்தா கோல் எடுத்தார். "தம்பி, உங்கட அம்மா பாதியாப் போயிட்டாங்க. போன்ல பாக்கிற உங்களுக்குத் தெரியல்லையா?" வெள்ளவத்தைக்கு ஓடி வந்தேன். கதவைத் திறந்த அம்மா கறுத்து, கன்னம் ஒட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரல் என்றார் டொக்டர், பிந்திவிட்டது என்றும் சொன்னார்.

இப்போது அம்மா உள்ளே கட்டிலில். அவருடைய கதிரையில் நான். நேற்றுப் பின்னேரம் நோர்வேயிலிருந்து மனைவி கோல் எடுத்தாள். திரையில் அவளைக் காணவில்லை. வெயில் பட்ட கண்ணாடியில் ஒரு கறுத்த முகம் மட்டும் நின்றது, அது என்னுடையது. அம்மா இத்தனை காலமும் இரங்கிய கன்னம் யாருடையது என்று அப்போதுதான் விளங்கியது. என்னைத் தேடித் தேடித் தன்னையே பார்த்திருக்கிறார். வாய்விட்டு அழவும் முடியவில்லை.

"மருமகள் தெரியுறாளோ?" உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா, வடிவாத் தெரியுறா."

போனுக்குள்ளிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "வீட்டுக்கு எப்ப வாறியள்?"

"வாறன்" என்றேன். திரையிலிருந்த கறுத்த முகமும் வாயை அசைத்தது.