இத்தா வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர்

கூப்பன் அரிசி நின்று, அதற்குப் பதிலாக அரசாங்கம் தரும் உணவு முத்திரை வந்திருந்த காலம். கணவரை இழந்த பக்கத்து வீட்டு ஆமினா றாத்தாவும் பிள்ளைகளும் அந்த முத்திரைகளை நம்பியே உலை வைத்தார்கள். கணவர் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு தனித்திருக்கும் இத்தாவில் இருந்த றாத்தா அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான் அவருக்குத் துணையாக இருந்தேன்.

ஒருநாள் முற்பகல், கையில் பையுடன் ஒருவர் வாசலில் நின்றார்.

"முத்திரை குடுக்கிற கந்தோரிலிருந்து வாறன். பழைய முத்திரையத் தந்தா புதிசு மாத்தித் தருவம். இத்தாவில இரிக்கிறவங்க வெளிய வரத் தேவல்ல, திரைக்குள்ளால நீட்டினாப் போதும்."

றாத்தாவின் கை முத்திரைகளுடன் திரையை விலக்கியது. நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். வந்தவருடைய மரியாதையே என்னை உறுத்தியது. முன்பு வந்த உத்தியோகத்தர்கள் அனைவரும், ஆளை நேரில் காணாமல் எதுவும் இயலாது என்று கண்டிப்புடன் நின்றவர்கள்.

"கிராம சேவகர் அடுத்த ஒழுங்கையிலதான். கூட்டிட்டு வாறன், இரிங்க" என்றேன்.

"வாணாம் தங்கச்சி. அஸர் தொழுகைக்குப் பொறகு வாறன்."

அவர் வரவேயில்லை.

"நல்ல மனிசன் மாதிரியெல்லோ கதைச்சான்! புள்ளையள்ற சோத்தையெல்லோ நீட்டப் பாத்தன்" என்றார் றாத்தா. பின்னர், கடற்கரைத் தெருவில் வேறோர் இத்தா வீடு இப்படியே முத்திரைகளை இழந்ததாக அறிந்தோம்.

ஏழை வீட்டுக்கு உணவளிக்க விரும்பும் அரசாங்கம், இத்தகைய வாசல்களுக்கு ஒரு பெண் உத்தியோகத்தரை அனுப்பலாம். அதுவரை, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்கள் தெருவில் எந்த இத்தா வீட்டுக்கு யார் வந்தாலும், கிராம சேவகர் வரும்வரை திரைக்கு முன்னால் நான் அமர்ந்திருக்கிறேன்.